பல்லியின் வால் ஏன் இளைத்தது?

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவை முடித்து நிமிர்ந்தபோது ஒரு மாணவன் மேசை அருகே வந்து நின்றான்.

"டீச்சர், எங்க பல்லிக்கு வால் இளைச்சுப் போச்சு. ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது."

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சுவரில் ஓடும் பல்லியின் வாலை யாரடா அளந்து பார்த்தது என்று கேட்டேன். "செவத்துப் பல்லி இல்ல டீச்சர். கண்ணாடிப் பெட்டியில இருக்கு. அண்ணன் மெட்ராஸ்ல இருந்து கொண்டாந்தான். ஆப்பிரிக்காப் பல்லியாம்" என்றான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் படமும் வரைந்து காட்டினான். உருண்டைத் தலை, பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாக உடம்பு, முள்ளங்கி போல ஒரு வால். "வாங்கினப்ப இப்படி இருந்துச்சு" என்றான். பக்கத்திலேயே இன்னொரு வால், பென்சில் கனத்தில். "இப்ப இப்படி."

பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்துகிறேன். ஊர்வன 'குளிர் இரத்தப் பிராணிகள்', அவற்றின் உடல் வெப்பநிலை சூழலுக்கேற்ப மாறும் என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேனோ தெரியாது. அந்த வரியில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பதை இந்தப் பல்லிதான் எனக்குச் சொல்லித் தந்தது. நம் வகுப்புகளிலும் இன்று இத்தகைய கேள்விகள் வருகின்றன. நகரங்களில் வெளிநாட்டுப் பிராணிகள் விற்கும் கடைகள் பெருகிவிட்டன, காணொளிகளைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆகவே கற்றதை இங்கே எழுதுகிறேன்.

அது எந்தப் பல்லி?

அதன் அறிவியல் பெயர் ஹெமிதெகோனிக்ஸ் காடிசிங்டஸ். 1851இல் பிரெஞ்சு விலங்கியலாளர் அகுஸ்த் டுமெரில் இதை விவரித்துப் பெயரிட்டார். காடிசிங்டஸ் என்றால் வளையமிட்ட வாலை உடையது என்று பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை ஒட்டி நாம் கொழுப்புவால் பல்லி என்று சொல்லலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலில் தொடங்கி மாலி, ஐவரி கோஸ்ட், கானா, டோகோ, நைஜீரியா வழியாகக் கேமரூன் வரை உள்ள புல்வெளிகளிலும் வறண்ட காட்டுப்பகுதிகளிலும் வாழ்கிறது. வளர்ந்த பல்லி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பகலில் வளையிலோ கல்லுக்கு அடியிலோ மரக்கட்டைக்குக் கீழோ பதுங்கியிருந்து, இருட்டியபின் பூச்சி தேடி வெளியே வரும்.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லியோடு ஒப்பிட்டால் மூன்று வேறுபாடுகளைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் மூடியிருக்கும் தெளிவான சவ்வை நாக்கால் நக்கித்தான் துடைத்துக்கொள்ளும். கொழுப்புவால் பல்லிக்கு இமை உண்டு. கண்ணை மூடித் தூங்கும். அடுத்தது கால். சுவர்ப் பல்லியின் விரலடியில் உள்ள நுண்மயிர்கள்தாம் அதைக் கூரையில் தலைகீழாக ஓடவைக்கின்றன. இதற்கு அந்த ஒட்டும் அமைப்பு இல்லை, சின்ன நகங்கள் மட்டுமே. கண்ணாடியில் ஏற முடியாது, தரையில் நடக்கும். மூன்றாவது முட்டை. அலமாரிக்குப் பின்னால் நாம் பார்க்கும் பல்லி முட்டை சுண்ணாம்பு ஓட்டோடு உடையக்கூடியது. கொழுப்புவால் பல்லியின் முட்டை தோல் போல மென்மையானது, ஈரமான மண்ணில்தான் பிழைக்கும். ஒரு முறைக்கு இரண்டு முட்டை இடும்.

இமையுள்ள இந்தப் பல்லிக் குடும்பம் நமக்கு அந்நியமானதும் அல்ல. சிறுத்தைப் பல்லி என்று சொல்லப்படும் இதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவிலும் இருக்கின்றன. மேற்கு இந்தியாவில் ஓரினமும் ஒடிசா, ஜார்கண்ட் பக்கம் வேறோரினமும் உண்டு. சாத்பூரா மலைப்பகுதியில் உள்ள இனம் 2014இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது.

இனி வாலுக்கு வருவோம். ஒட்டகத்துக்குத் திமில் எப்படியோ இதற்கு வால் அப்படி. பூச்சி நிறையக் கிடைக்கும் மழைக்காலத்தில் தின்று கொழுப்பை வாலில் சேர்க்கும். வறண்ட மாதங்களில் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும். எதிரி பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும், அதாவது சேமிப்பு முழுவதையும் கைவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். புதிதாக வளரும் வால் வளையங்கள் இல்லாமல் வழவழவென்று குமிழ்போல இருக்கும். ஆகவே இந்தப் பல்லியின் உடல்நிலையைப் பார்க்க ஒரே பார்வை போதும். வால் அதன் கழுத்தளவுக்காவது தடித்திருக்க வேண்டும். வால் இளைக்கிறது என்றால் வரவைவிடச் செலவு கூடிவிட்டது என்று பொருள். வரவு ஏன் நின்றது, செலவு ஏன் கூடியது என்று பார்க்க, பள்ளி விட்டதும் அவன் வீட்டுக்குப் போனேன்.

பெட்டிக்குள் 39 டிகிரி

சிமெண்ட் அட்டைக் கூரை போட்ட வீடு. பீரோவின் மேல், கூரைக்கு மூன்றடி கீழே கண்ணாடித் தொட்டி. இரண்டடி நீளம், ஒரடி அகலம். அடியில் மீன் தொட்டிக்குப் போடும் வண்ண மணல். தொட்டியின் முழு அடிப்பரப்புக்கும் கீழே மின்சாரத்தில் சூடாகும் பாய் ஒன்று. சுவிட்சிலிருந்து நேரடி இணைப்பு. "வெப்ப நாட்டுப் பல்லி, சூடு வேணும்னு வீடியோல சொன்னாங்க டீச்சர்" என்றான். அந்தக் காணொளி குளிர்நாட்டில் எடுத்தது. அங்கே அறை வெப்பநிலை 18 டிகிரி இருக்கும்போது சூடு தேவைதான்.

பல்லி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் வயிற்றை வைத்து அசையாமல் படுத்திருந்தது. அவன் அம்மா பாவம், "தண்ணியிலயே கெடக்குது, அதுக்குத் தாகம் போல" என்றார்.

மறுநாள் பள்ளி ஆய்வகத்திலிருந்து இரண்டு ஆல்கஹால் வெப்பமானிகளைக் கொண்டுபோனேன். (பாதரச வெப்பமானியை உயிருள்ள பெட்டிக்குள் வைக்காதீர்கள், உடைந்தால் அந்த வீட்டுக்கே ஆபத்து.) தொட்டியின் இரு முனைகளிலும் தரையோடு வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். மாலை நான்கு மணிக்கு ஒரு முனையில் 39 டிகிரி செல்சியஸ். மற்ற முனையில் 38.

இந்தப் பல்லிக்கு வேண்டியது பெட்டியின் ஒரு முனையில் சுமார் 32 டிகிரி, மற்ற முனையில் 24 முதல் 26 டிகிரி. இரண்டுக்கும் நடுவே பல்லி தன் விருப்பப்படி நகர வழி இருக்க வேண்டும். இதில் எது சரியான வெப்பநிலை என்று கேட்டால் இரண்டுமே சரி. தின்றபின் வயிற்றுக்குச் சூடு தேவை. செரிமான நொதிகள் அப்போதுதான் ஒழுங்காக வேலை செய்யும், வயிற்றைச் சூடான தரையில் வைத்துப் படுத்திருக்கும். செரித்து முடிந்ததும் குளிர்ந்த பக்கம் போய்விடும். குளிர்ந்த இடத்தில் உடலின் செலவு குறையும், நீரிழப்பும் குறையும். நாளில் பலமுறை இப்படி இடம் மாறி மாறித் தன் உடல் வெப்பநிலையை அது தானே சரிப்படுத்திக்கொள்கிறது.

நாம் கரும்பலகையில் எழுதும் வரியில் விட்டுப்போவது இதுதான். சூழலுக்கேற்ப உடல் வெப்பநிலை மாறும் என்பது சரி. ஆனால் எந்தச் சூழலில் இருப்பது என்பதைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பிராணி. நாம் வியர்த்தும் நடுங்கியும் உடலுக்குள்ளேயே செய்வதை அது கால்களால் நடந்து செய்கிறது. காட்டில் வளைக்குள் ஒரு முழம் உள்ளே போனால் குளிர்ச்சி. சாயங்காலம் வெயில் குடித்த பாறைமேல் ஏறினால் சூடு. பெட்டியில் அடைத்தவுடன் அந்தத் தேர்வு பறிபோகிறது. எல்லாப் பக்கமும் 39 டிகிரி என்றால் அது எங்கே போகும்? கிண்ணத்து நீர் மட்டும்தான் சற்றுக் குளிர்ந்த இடம். அதனால்தான் அங்கேயே கிடந்தது.

இளைத்த வாலுக்கும் இதுவே விளக்கம். சூடு கூடக்கூட ஊர்வனவற்றின் வளர்சிதை மாற்றம் வேகமெடுக்கும், சும்மா படுத்திருந்தாலும் உடல் எரிபொருளைச் செலவழிக்கும். அதே நேரம் அளவு மீறிய சூட்டில் பசி நின்றுவிடும். செலவு இரட்டிப்பு, வரவு பூச்சியம். பற்றாக்குறை முழுவதும் வாலிலிருந்து போனது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பல்லி இறந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரிசெய்ய பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. பாயின் இணைப்பைப் பிடுங்கினோம். தொட்டியைப் பீரோவிலிருந்து இறக்கி, வெயில் படாத உள்ளறையில் சிமெண்ட் தரையோடு வைத்தோம். ஒரு முனையின் வெளிப்புறத்தில் ஈரச் சாக்கைச் சுற்றினோம். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்ற பாடம் அங்கேயே நடந்தது. ஜூன் மாதப் பகலில் 26 டிகிரியை எங்களால் எட்ட முடியவில்லை. 29 வந்தது. மற்ற முனை 32. அந்த மூன்று டிகிரி வேறுபாடே போதுமானதாக இருந்தது. அன்றிரவே பல்லி கிண்ணத்தை விட்டு நகர்ந்து ஈரச் சாக்குப் பக்கம் போய்ப் படுத்ததாக மறுநாள் வந்து சொன்னான். வெப்பப் பாய் மார்கழி, தை மாதங்களுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. அதுவும் தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு அடிப்பரப்புக்கு மட்டும், குறித்த சூட்டில் தானே நின்றுவிடும் தெர்மோஸ்டாட்டுடன். தெர்மோஸ்டாட் இல்லாத பாயில் பல்லியின் வயிறு வெந்துபோன நிகழ்வுகள் உண்டு. மலைப்பகுதிப் பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும்.

தோலும் ஈரமும்

அருகில் உட்கார்ந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பின்னங்கால் விரல்களில் வெள்ளையாக நூல் சுற்றியதுபோல ஏதோ இருந்தது. பழைய தோல். பாம்பு சட்டை உரிப்பதுபோல இந்தப் பல்லியும் தோலுரிக்கும்; உரித்த தோலைத் தானே தின்றும்விடும். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் தோல் முழுதாகக் கழலாமல் விரல்நுனியில் வளையமாகத் தங்கிவிடும். காய்ந்து இறுகும்போது இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் கருகி விழுந்துவிடும்.

கொழுப்புவால் பல்லிக்கு 50 முதல் 70 சதவீதம் வரை ஈரப்பதம் தேவை. சிறுத்தைப் பல்லிக்கு இவ்வளவு வேண்டாம். இரண்டையும் ஒன்றாகப் பாவித்து ஒரே அறிவுரை சொல்பவர்கள் உண்டு, அங்கேதான் தவறு நேர்கிறது. தொட்டி முழுவதையும் நனைக்கக் கூடாது, நனைத்தால் பூஞ்சை வரும். மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பல்லி நுழையும் அளவு ஓட்டை போட்டு, கூரான விளிம்பைத் தேய்த்து, உள்ளே ஈரமான தென்னைநார்த் தூளைப் போட்டு வைத்தால் போதும். வெளிநாட்டில் இதற்கென்று பாசியை விலைக்கு வாங்குகிறார்கள். நம் ஊரில் கயிறு திரிக்கும் இடத்தில் தென்னைநார்த் தூள் சும்மா கிடக்கிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்து, வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும்.

வண்ண மணலை அள்ளிக் கொட்டினோம். பூச்சியைக் கவ்வும்போது மணலும் வாய்க்குள் போகும், குடலில் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் செய்தித்தாள் விரித்தோம். அழகில்லைதான், ஆனால் எச்சத்தைப் பார்த்து உடல்நிலையை அறிய அதுவே வசதி. ஒளிந்துகொள்ள சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக இரண்டு உடைந்த பூந்தொட்டிகளைக் கவிழ்த்து வைத்தோம். ஒளிவிடம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பயந்த பிராணி சூட்டையும் குளிரையும் பார்க்காமல் ஒளிவிடத்தையே தேர்ந்தெடுத்துவிடும்.

விரல்களை வெதுவெதுப்பான நீரில் கால் அங்குல ஆழத்தில் சிறிது நேரம் நனையவிட்டு, ஈரப் பஞ்சால் மெல்ல உருட்டினோம். மூன்று விரல்களிலிருந்து தோல் வந்துவிட்டது. நான்காவது ஏற்கெனவே கறுத்திருந்தது. பத்து நாளில் அது விழுந்துவிட்டது.

பூச்சியும் சுண்ணாம்பும்

இந்தப் பல்லி காய்கறியோ பழமோ தின்னாது. உயிருள்ள, அசையும் பூச்சிதான் வேண்டும். சுவர்க்கோழி, மாவுப்புழு, இதற்கென்று வளர்க்கப்படும் கரப்பான் வகைகள் ஆகியவற்றைக் கொடுக்கிறார்கள். குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. பூச்சியின் பருமன் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை இரவில் பெட்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது. அவை தூங்கும் பல்லியையே கடிக்கும்.

மாணவன் வயலில் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நம் வயல்களில் பூச்சிமருந்து அடிக்காத நாள் எது? மருந்து பட்ட பூச்சி மெதுவாக நகரும், அதனால் எளிதாகக் கையில் சிக்கும். அதையே பல்லிக்குப் போட்டால் நஞ்சும் கூடவே போகும். வீட்டுக் கரப்பானும் அப்படித்தான். மின்மினிப் பூச்சியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. சில மின்மினி இனங்களின் உடலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. தாடி ஓணான் போன்ற வளர்ப்பு ஊர்வன ஒரே ஒரு மின்மினியைத் தின்று இறந்திருக்கின்றன.

பூச்சி மட்டும் கொடுத்தாலும் ஒரு குறை உண்டு. சுவர்க்கோழியிலும் மாவுப்புழுவிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் தாடை ரப்பர்போல வளையும், கால்கள் கோணும், முதுகெலும்பு நெளியும். நம் பாடநூலில் வரும் ரிக்கெட்ஸ் நோய்க்கு இணையான ஒன்று. அதனால் பூச்சியை ஒரு பையில் போட்டுக் கால்சியம் தூளோடு குலுக்கிக் கொடுக்கிறார்கள். கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். மெல்லிய புற ஊதா விளக்கு இருந்தால் தோலே அதை உண்டாக்கும், இல்லையென்றால் டி3 கலந்த தூளை அளவாகக் கொடுக்க வேண்டும். அளவு கூடினாலும் கேடு. பூச்சிக்கும் முந்தைய நாளே கேரட், கீரை என்று தீனி போட வேண்டும். பூச்சியின் வயிற்றில் இருப்பதும் பல்லிக்குத்தானே போகிறது.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவனின் பாட்டி உள்ளேயிருந்து, "சுண்ணாம்புச் சத்துதான? வெத்திலைப் பொட்டியில இருக்கே, தடவிக் குடு" என்றார். நல்ல வேளை, அவர் சொன்னது என் காதில் விழுந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. வாயும் குடலும் வெந்துபோகும். நமக்கு வேண்டியது கால்சியம் கார்பனேட். கிளிக்கூண்டில் தொங்கவிடும் கணவாய் ஓடு, முட்டை ஓடு எல்லாம் அதுதான். கணவாய் ஓட்டை மாவாக இடித்து வைத்தோம். டி3 தூளை அண்ணன் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பினான். அமிலம், காரம் பாடத்தில் இந்த இரண்டு சுண்ணாம்புகளையும் இப்போது எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பாட்டியும் வருத்தப்படவில்லை.

சூட்டைச் சரிசெய்தும் ஒரு வாரம் பல்லி தின்னவில்லை. வாலிளைப்புக்குக் குடல் ஒட்டுண்ணியும் காரணமாகலாம் என்பதால் எச்சத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போகச் சொன்னேன். மருத்துவர் மாடு, ஆடு பார்த்துப் பழகியவர். அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். புழு முட்டைகள் இருந்தன. உடல் எடைக்கேற்பத்தான் மருந்து என்றார். எங்கள் ஆய்வகத் தராசில் நிறுத்தோம்: 34 கிராம். அந்த எடைக்கு ஒரு சொட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு சொட்டு. பல ஆண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவில் காட்டிலிருந்து பிடித்தே இந்தப் பல்லிகளை ஏற்றுமதி செய்துவந்தார்கள். அப்படி வந்தவற்றில் ஒட்டுண்ணி சாதாரணம். கூண்டில் பிறந்தது என்று விற்றாலும் முதல் மாதம் எச்சத்தைச் சோதித்துவிடுவது நல்லது.

கை கழுவுதலும் 'பல்லி விழுந்த சோறும்'

பல்லியைத் தொட்டால் நஞ்சு ஏறுமா என்று வகுப்பில் கேட்டார்கள். ஏறாது. நம் வீட்டுப் பல்லிக்கும் நஞ்சு இல்லை, இதற்கும் இல்லை. ஆனால் பல்லி விழுந்த உணவைச் சாப்பிட்டு வாந்தி எடுத்த செய்திகள் நம் பள்ளிகளுக்குப் புதியவை அல்ல. நஞ்சு இல்லை என்று சொல்லிவிட்டு அந்த உணவைப் பரிமாறிவிட முடியாது. ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா பாக்டீரியா எந்த நோய்க்குறியும் இல்லாமல் வாழும், எச்சத்தில் வெளியேறும், தோலிலும் ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் சிறு ஆமைகளை வாயில் வைத்து விளையாடிய குழந்தைகளுக்குத் தொற்று பரவியதால், நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்பதற்கே 1975இல் தடை வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஊர்வனவற்றைக் கையாளக் கூடாது என்பது அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை.

ஆகவே மாணவனுக்கு நான் விதித்த நிபந்தனைகள் இவை: பல்லியையோ பெட்டியையோ தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சமையல் தொட்டியில் அதன் கிண்ணத்தைக் கழுவக் கூடாது, மூன்று வயதுத் தங்கை கையில் கொடுக்கக் கூடாது. பள்ளிக்குக் கொண்டுவரவும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையில் அவனுக்கு வருத்தம். நாற்பது பேர் கை மாறினால் வால் யார் கையிலாவது தங்கிவிடும் என்று சொன்னபின் ஒத்துக்கொண்டான்.

வாங்கலாமா என்று கேட்டால்

இந்தக் கதை பரவியபின் மூன்று பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றே சொன்னேன். ஒருவர் சட்டம் என்ன சொல்கிறது என்றார்.

நம் நாட்டு வன உயிர்களைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. நட்சத்திர ஆமையும் பச்சைக்கிளியும்கூட இதில் அடக்கம். பல வீடுகளில் இது தெரியாமலே கூண்டு தொங்குகிறது. வெளிநாட்டு இனங்களைப் பொறுத்தவரை, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டீஸ் பட்டியலில் உள்ளவற்றை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நான்காம் அட்டவணையில் சேர்த்தது. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்வதற்கான விதிகள் 2024இல் வந்தன. பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இனத்தின் அறிவியல் பெயர், அடுத்தது இறக்குமதித் தாள்கள் அல்லது பெற்றோர்ப் பிராணிகளின் விவரத்தோடு கூடிய ரசீது. இரண்டும் இல்லை என்றால் அந்தப் பிராணி எப்படி வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குள் துணிப்பையில் கட்டிய பல்லிகளும் ஆமைகளும் பிடிபடுவதை நாளிதழ்களில் படிக்கிறோம். உயிரோடு பிடிபடுபவை பாதிதானோ என்னவோ.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வயது. கொழுப்புவால் பல்லி நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். எட்டாம் வகுப்பில் வாங்கினால் வாங்கியவருக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்தபின்னும் அது பூச்சி கேட்டுக்கொண்டிருக்கும். அலுத்துப்போய் வெளியே விட்டால் சில நாளில் சாகும், அல்லது தன் ஒட்டுண்ணிகளை நம் ஊர்ப் பல்லிகளுக்குக் கொடுக்கும்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். இது தனியே வாழும் இனம். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆணும் பெண்ணும் என்றால் முட்டை, குஞ்சு என்று பெருகும். இதில் ஒரு வியப்பு உண்டு. குஞ்சின் பாலினத்தை நாம் பத்தாம் வகுப்பில் நடத்துவதுபோல எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் தீர்மானிப்பதில்லை. முட்டை இருக்கும் மண்ணின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. குறைந்த வெப்பத்தில் பெரும்பாலும் பெண், நடுவில் பெரும்பாலும் ஆண், மேலும் கூடினால் மீண்டும் பெண்.

சுவரில் இருப்பதைப் பார்ப்போம்

பெட்டி இல்லாமலே இதையெல்லாம் வகுப்பில் கற்பிக்க முடியுமா என்று முயன்று பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரு பல்லியை இரண்டு வாரம் பார்க்கச் சொன்னேன். பிடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் அது எங்கே இருக்கிறது, விளக்கிலிருந்து எத்தனை அடி, சுவரைத் தொட்டுப் பார்த்தால் சூடா குளிர்ச்சியா, வால் முழுதா வெட்டுப்பட்டதா என்று குறிக்க வேண்டும். வெப்பமானி தேவையில்லை, உள்ளங்கை போதும்.

வந்த குறிப்புகளில் பலவும், ஏழு மணிக்குப் பல்லி மேற்குச் சுவரில் இருந்ததாகச் சொன்னன. பிற்பகல் வெயில் வாங்கிய சுவர் அது. ஒரு மாணவி, மழை பெய்த நாளில் மட்டும் தன் பல்லி டியூப்லைட் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தாள். பூச்சிக்காகவா சூட்டுக்காகவா என்று வகுப்பில் வாக்குவாதம் நடந்தது. எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டேன். சூடாகாத எல்.இ.டி. விளக்கு உள்ள வீட்டுப் பல்லியோடு ஒப்பிடலாம் என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது. அதை இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள். பஞ்சாங்கத்தில் உள்ள பல்லி விழும் பலனைச் சிலர் குறிப்பேட்டில் சேர்த்திருந்தார்கள், அதற்கும் தனியாக ஒரு பத்தி ஒதுக்கிக் கொடுத்துவிட்டேன்.

மாணவனின் பல்லி ஆடி மாதம் முதல் சுவர்க்கோழியைக் கவ்வியது. ஞாயிறுதோறும் எடை பார்த்து எழுதுகிறான். மளிகைக் கடைக்காரர் தன் தராசைக் கொடுக்கிறார், டப்பாவுக்குள் வைத்துத்தான். ஐப்பசியில் 47 கிராம். வால் இன்னும் முள்ளங்கி அளவுக்கு வரவில்லை, வெண்டைக்காய்க்கு மேல் வந்துவிட்டது. அண்ணனுக்கு இப்போது பெங்களூரில் வேலை, பல்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விடுதிக்குப் போனால் யார் பூச்சி போடுவது என்று போன வாரம் என்னிடம் கேட்டான். பாட்டிக்குக் கணவாய் ஓடு இடிக்கத் தெரியும், ஆனால் சுவர்க்கோழியைத் தொட மாட்டார். தங்கைக்கு அப்போது எட்டு வயதாகியிருக்கும். கை கழுவுவதை இப்போதிருந்தே பழக்குகிறானாம்.